இரண்டு பேருக்கு ஏழு நாள்

அந்தக் கடைவீதியில் கண்ணாடி போட்டிருப்பவர்களில் பாதிப்பேர் அவர் தேய்த்துக் கொடுத்ததன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவரைப் பார்த்தவர்கள்தான் யாருமில்லை. கடையின் முன்பக்கம் ஏசி, சோபா, ஆளுயர நிலைக்கண்ணாடி எல்லாம் உண்டு. கண் சோதிக்கும் டாக்டர் அங்கே இருப்பார். நன்றி, கைகுலுக்கல், "ரொம்பத் தெளிவா தெரியுது டாக்டர்" எல்லாம் அவரோடு நின்றுவிடும். பின்பக்கம், தண்ணீர்க் குழாய்க்கும் கழிவறைக்கும் நடுவில், ஒரு மேசை, ஒரு தேய்ப்பு இயந்திரம், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் இவர் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

வட்டமாக வரும் லென்ஸின் மையத்தைக் கண்டுபிடித்து, மையால் மூன்று புள்ளி வைத்து, ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரத்தைத் தேய்த்து, சூடுகாட்டிய ஃபிரேமுக்குள் டக்கென்று உட்காரவைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும். குறைவாகத் தேய்த்தால் ஃபிரேம் விரியும். புள்ளி தள்ளிப்போனால், போட்டுக்கொள்கிற ஆளுக்குச் சமதரை பள்ளமாகத் தெரியும். வேலையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சில் சொல்லலாம். இயந்திரச் சத்தத்திலேயே காலம் தள்ளியதால், ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். சொல்வதற்கு அவரிடம் ரகசியம் எதுவும் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். வயது ஐம்பத்து நாலு. அக்கா தங்கைகளுக்கு முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். அவர்களுக்கு முடிந்தது. அவரவர் குடும்பம், பிள்ளை என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். இவருக்குப் பெண் பார்க்கக் கிளம்பவேண்டிய ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று இவர் கவனித்தபோது இவருக்கு நாற்பத்தொன்று. அதற்கப்புறம் யாரிடம் போய், எனக்கும் ஒன்று பாருங்கள் என்று சொல்வது? வெட்கமாக இருந்தது. அப்படியே இருந்துவிட்டார்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கீழே ரொட்டிக்கடைக்காரர் இவர் தலை தெரிந்ததும் அரை ரொட்டியை அறுத்துக் காகிதத்தில் சுற்றிவிடுவார். கேட்பதேயில்லை. ஒருநாள் இவர், "இன்னிக்கு முழுசா குடுங்க" என்றார். கடைக்காரர், "யாராவது வந்திருக்காங்களா?" என்று ஆவலாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வராமல், "ஆமா" என்று சொல்லி முழு ரொட்டியை வாங்கிக்கொண்டு மாடியேறினார். பாதி காய்ந்துபோனது. மறுநாள் பழையபடி அரைதான்.

கடையின் பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து. நாலு சிமெண்டுப் படி. பக்கத்துச் சலவைக்கடையின் பின்கதவும் அதே சந்தில்தான் திறக்கும். மத்தியானச் சாப்பாட்டை இவர் அந்தப் படியில் வைத்துத்தான் சாப்பிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சலவைக்கடைக் கதவு திறந்து, நீராவியில் நனைந்த முகத்தோடு ஒருத்தி வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். இஸ்திரி போடுகிற வேலை.

முதல் வாரம் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி. இரண்டாவது வாரம் அவள், "நீங்களும் தேய்க்கறீங்க, நானும் தேய்க்கறேன். ரெண்டு பேரும் தேய்ஞ்சு போறதுக்குள்ள பேசிடுவோம், அண்ணே" என்றாள். அவர் சிரித்தார். சந்து முழுக்கக் கேட்டது.

அண்ணே என்று ஒருத்தி கூப்பிட்டுவிட்டால் ஒரு கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். சாத்தட்டும், இன்னொரு கதவு திறந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். அதுவும் பொய்யில்லை.

அவள் அகதி. ஊரில் வீடு எரிந்த அன்று கூட்டத்தோடு ஓடினார்கள். ஒரு லாரியில் இவளைத் தள்ளி ஏற்றினார்கள். இவள் புருஷனுக்கு அதில் இடமில்லை, அடுத்த லாரியில் ஏறினான். இவளுடைய லாரி இந்த நாட்டுக்கு வந்தது. அவனுடையது வேறொரு எல்லையில் போய் நின்றது. நாலு வருஷமாகப் போனில்தான் முகம் பார்க்கிறார்கள். அவனை இங்கே வரவழைக்க அகதிகள் அலுவலகத்தில் இவள் பெயரில் ஒரு ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்று பேச்சுக்குச் சொல்வதுதான், உண்மையில் அது ஒரு அலமாரியில் படுத்துக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு காகிதம் கேட்பார்கள். இவள் கொண்டுபோய்க் கொடுப்பாள். கையெழுத்து, முத்திரை, போட்டோ, ரசீது என்று எதையும் தூக்கிப்போடமாட்டாள். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பரிசு விழுந்தது.

செருப்புக்கடையில் பெயரும் நம்பரும் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டாள். பத்து நாளில் போன் வந்தது. இரண்டு பேருக்கு ஏழு நாள் விடுமுறை, தங்குமிடம் இலவசம், இருபத்திரண்டு ஊர்களில் எந்த ஊர் வேண்டுமானாலும். பட்டியலைப் போனுக்கே அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் படியில் அவள் அதை அவரிடம் நீட்டினாள். அவளுடைய விரல் பதினெட்டாவது பெயரில் நின்றது.

"இங்கதான் அவர் இருக்காரு."

கண்ணாடிக்காரர் போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "உங்களால எல்லை தாண்ட முடியாதேம்மா. பாஸ்போர்ட் இல்லையே."

"கேட்டேன். எல்லாம் அவங்களே பாத்துப்பாங்களாம். அனுமதி, விசா, எல்லாமே. முத்திரை போட்ட அட்டை தருவாங்களாம், அண்ணே. என் போட்டோ ஒட்டி."

இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு விடுமுறை அட்டை என்றால் வெறும் அட்டை. நாலு வருஷமாக முத்திரைக்கும் போட்டோவுக்கும் வரிசையில் நின்றவளுக்கு, போட்டோ ஒட்டி முத்திரை குத்தினால் அது அனுமதி. அவள் முட்டாள் இல்லை. அவள் பார்த்த உலகம் அப்படி.

ஒரே ஒரு சிக்கல். பரிசை வாங்க, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் நடக்கிற விருந்துக்குக் கணவன் மனைவி சேர்ந்துதான் வரவேண்டும் என்று நிபந்தனை. அவள் படியில் உட்கார்ந்து கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இருந்து எத்தனையோ வருஷமாகிறது. அன்று துணி துவைப்பார். துவைத்துக் காயப்போட்ட பிறகு மணி பத்துதான் ஆகியிருக்கும். அதற்கப்புறம் இருக்கிற பகல் அவர் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"ஒண்ணும் இல்லே" என்றார்.

அந்தப் பெரிய ஹோட்டலின் கூடத்தில் முப்பது மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஜோடி, எதிரில் டை கட்டிய ஒருவன். கண்ணாடிக்காரர் இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டிருந்தார். முந்தின நாளே அவள் அதை வாங்கிக்கொண்டு போய்த் தேய்த்துக் கொடுத்திருந்தாள். தன் சட்டையைத் தனக்காக ஒருத்தர் தேய்த்துக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் தெரிந்து அதுதான் முதல்முறை. காலர் மொடமொடவென்று நின்றது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இவர்களுடைய டைக்காரன் நாக்கில் தேன் தடவிக்கொண்டு பிறந்தவன். "சார், மேடத்தை கடைசியா எப்ப வெளியூர் கூட்டிட்டு போனீங்க?" என்று ஆரம்பித்தான். அவர் அசடு வழிந்தார். "பாத்தீங்களா மேடம், சாருக்கு ஞாபகமே இல்லே!" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் தீர்ந்தது. அவர் கையை நீட்டிக் குடுவையை எடுத்து ஊற்றினார். பக்கத்து மேசை அம்மாள் தன் புருஷனை இடித்து, "பாரு, அவர் எப்படி கவனிக்கிறாரு" என்றாள். கண்ணாடிக்காரர் காதில் விழுந்தது. சாப்பாடு வந்தது. அவர் இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டார். பசி எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு வெட்கங்கெட்ட சந்தோஷம் அது! பொய்யாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். தெரிந்தே சந்தோஷமாக இருந்தார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. பரிசு இலவசம். ஆனால் அதை வாங்க உறுப்பினராகச் சேரவேண்டும். சேருவதற்கு ஒரு தொகை. டைக்காரன் தொகையை ஒரு தாளில் எழுதி, அதை அடித்து, பாதியாக்கி, "இன்னிக்கு மட்டும்" என்று வட்டம் போட்டான். பாதியே அவளுடைய ஒன்றரை வருஷச் சேமிப்பு. புருஷன் வந்தால் ஒரு வீடு பிடிக்கவேண்டும், அதற்கு வைத்திருந்த முன்பணம்.

வீடியோ ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையாக வந்து, அதிர்ஷ்டசாலித் தம்பதி என்று சொல்லிச் சிரிக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அவள் பதற்றத்தில் இவர் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

டைக்காரன் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வீட்டுக்காரரை அண்ணேன்னு கூப்பிடற ஆள இப்பதான் பாக்கறேன். பரவால்ல மேடம், யாரா இருந்தா எங்களுக்கென்ன? ரெண்டு கையெழுத்து விழுந்தா போதும்" என்று தாளைத் தள்ளினான்.

"சொல்லுங்க" என்று அவள் மறுபடி கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் வெளியே வரவேண்டும். வெளியே வந்தால் அவள் ஒரு பஸ், இவர் ஒரு பஸ். "உங்க இஷ்டம்தாம்மா" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். கணவர் என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே அவர் போட்டார்.

அட்டை வந்தது. போட்டோ, முத்திரை, பளபளவென்று ஒரு நட்சத்திரம். அவள் அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கினாள்.

பதினெட்டாவது ஊருக்கு முன்பதிவு செய்யப் போன் போட்டாள். அந்த மாதம் நிறைந்துவிட்டது என்றார்கள். அடுத்த மாதமும் நிறைந்துவிட்டது. அதற்கடுத்த மாதம், பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள் என்றார்கள். இல்லை என்றாள். இல்லாதவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அப்படியானால் பணம் என்று கேட்டாள். பணம் திரும்பாது மேடம், இரண்டாம் பக்கம் பாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். நன்றாகத் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் அவள் படியில் உட்கார்ந்து அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அவருகிட்ட சொல்லிட்டேன் அண்ணே, வரேன்னு. புதுச் செருப்பு வாங்கி வச்சிருக்காராம்" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று கண்ணாடிக்காரரின் மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பேப்பர குடுங்க" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் பக்கத்தை எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்தார்கள். சாதாரண மனுஷன் படிக்கவேண்டும் என்று அடித்ததில்லை. ஆனால் லென்ஸில் தலைமுடி அளவு கீறலைத் தேடுகிறவரிடம் அந்த வித்தை பலிக்குமா? வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, வேலை முடிந்தபின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முப்பத்தோராவது வரியில் நிமிர்ந்தார். உறுப்பினர்கள் சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கவேண்டும், அவ்வாறு இல்லாதவர்களுடன் செய்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது.

செல்லாதென்றால் பணத்தை மட்டும் எப்படி வைத்துக்கொள்வான்? அவர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். இந்த வரியைப் பிடித்துப் பணம் கேட்கவேண்டுமென்றால், எனக்கும் இவளுக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். உண்மைதானே, எழுதுவதற்கென்ன? ஆனாலும் ஒரு நிமிஷம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இலவசச் சட்ட உதவி மையத்தின் வக்கீலம்மா சின்னப் பெண். மேசையெல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதம். அந்த வரியைப் படித்ததும் அவள் புருவம் ஏறியது. "நல்ல பாயிண்ட் புடிச்சிருக்கீங்க. ஆனா அவன் என்ன சொல்வான் தெரியுமா? நீங்கதான் பொய் சொல்லி ஏமாத்தினீங்கம்பான். உங்கள பத்தி அவனுக்கு அன்னிக்கே தெரியும்னு காட்டணும். ஏதாவது சாட்சி இருக்கா?"

"வீடியோ இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். கம்பெனிக்காரர்களே நண்பர்களுக்கு அனுப்பிக் காட்டச் சொல்லி இரண்டு பேர் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். கூட வந்திருந்தவள் அதைத் திறக்கவேயில்லை.

"முழுசா பாக்கணுமா? எங்க வருது?" என்று வக்கீலம்மா கேட்டாள்.

"நாலாவது நிமிஷம், பன்னெண்டாவது செகண்ட்."

யோசிக்காமல் சொல்லிவிட்டார். அதுவும் அவருடைய குரலில். வக்கீலம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் பார்க்கவில்லை, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடிக்காரருக்குக் காது சுட்டது. மூன்றாவது மாடியில், விளக்கைக்கூடப் போடாமல், அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

வீடியோவில் டைக்காரனுடைய சிரிப்பும், "யாரா இருந்தா எங்களுக்கென்ன" என்ற பேச்சும் தெள்ளத் தெளிவாக இருந்தன. வக்கீலம்மா நோட்டீஸ் அனுப்பினாள்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. பணத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. வேறு ஒருவரைக் கணவர் என்று எழுத்துமூலம் அறிவித்த உங்கள் கட்சிக்காரர் அகதி அந்தஸ்தில் இருப்பதாக அறிகிறோம், அந்த அறிவிப்பின் நகலை உரிய அலுவலகத்துக்கு அனுப்ப நேரிடும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

அவள் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். அந்த நகல் போய்ச் சேர்ந்தால் ஃபைல் அத்தோடு முடிந்தது. இங்கே ஒரு புருஷனை வைத்துக்கொண்டு அங்கேயிருந்து இன்னொரு புருஷனைக் கூப்பிடுகிறாயா என்று கேட்பார்கள். மூன்று நாள் அவள் படிக்கு வரவில்லை. நாலாம் நாள் கண்ணாடிக்காரர் சலவைக்கடையின் பின்கதவைத் தட்டினார். நீராவிக்கு நடுவிலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"விட்டுடுங்க அண்ணே. பணம் போனா போகுது. அவர் வரணும். எனக்கு அது ஒண்ணுதான்."

"விட்டாலும் அந்தப் பேப்பர் அவன் கையிலதான இருக்கும்? நாளைக்கு வேற எதுக்காவது காட்டி பயமுறுத்துவான். அவன் போய் சொல்றதுக்கு முந்தி நாமளே போய் சொல்லிடுவோம்."

"நம்புவாங்களா?"

"நான் வந்து சொல்றேன்."

வக்கீலம்மாவும் அதையே சொன்னாள். அகதிகள் அலுவலகத்தில் நாள் வாங்கிக் கொடுத்தாள். "ரெண்டு பேரையும் தனித்தனியா கேப்பாங்க. உங்க பதிலதான் அவங்க முக்கியமா பாப்பாங்க, சார். அங்க ஏதாவது நெருடுச்சுன்னா, அவ்வளவுதான்" என்றாள்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிஷம். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இவரைப் பார்க்காமல் போய் மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து இவர்.

சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. அதிகாரியம்மாள் போட்டிருந்த கண்ணாடியின் இடது மூக்குத்தாங்கி வளைந்திருந்தது. அது நழுவ நழுவ விரலால் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து கடைங்க. மத்தியானம் ஒரே படில உக்காந்து சாப்பிடுவோம்."

"அவங்க வீட்டுக்கு போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"உங்க வீட்டுக்கு அவங்க?"

"என் வீட்டுக்கு யாரும் வந்ததில்லீங்க."

டைப் அடித்தாள். கண்ணாடியைத் தள்ளினாள். "கல்யாணம் ஆகல. தனியா இருக்கீங்க. ஒரு பொம்பளைக்கு புருஷன்னு சொல்லி கையெழுத்து போட்டிருக்கீங்க. ஏன் போனீங்க?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை, அவள் கூப்பிட்டாள், போனேன். இதைச் சொல்லலாமா? சொன்னால் இந்த அம்மாள் என்ன எழுதுவாள்? அந்த அறையில் அது எப்படித் தெரியும்? நாலாவது நிமிஷம் பன்னிரண்டாவது செகண்ட் என்றபோது வக்கீலம்மா பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. ஒரு வரி போதும், ஒருவன் அங்கே புதுச் செருப்போடு நின்றுகொண்டே இருப்பான்.

"சாப்பாட்டுக்குங்க" என்றார்.

"என்னது?"

"பெரிய ஹோட்டலு. சாப்பாடு ஓசின்னு சொன்னாங்க. நமக்கு அந்த மாதிரி எடத்துல எல்லாம் எப்ப சாப்பிட வாய்க்கும்? அதான் போனேன்."

அதிகாரியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. அந்தம்மா பணம் கட்டறப்ப உங்கள கேட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய தொகை. ஏன் ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லல?"

இந்தக் கேள்வியைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். "அப்ப இன்னும் ஐஸ்கிரீம் வரலீங்க" என்றார்.

சத்தமாகத்தான் சொன்னார். வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். அதிகாரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். சிரிப்பு போன இடத்தில் ஓர் அருவருப்பு வந்து உட்கார்ந்தது. அதையும் அவர் பார்த்தார். வயசுக்கும் ஆளுக்கும் ஒரு மட்டு மரியாதை வேண்டாமா என்கிற முகம். அவள் டைப் அடித்து, தாளை எடுத்து, அவர் பக்கம் திருப்பினாள். மேற்படி நபர் இலவச உணவுக்காக மட்டுமே உடன் சென்றதாகவும், வேறு எந்த நோக்கமோ உறவோ இல்லை என்றும் கூறுகிறார். அவர் உருப்பெருக்கி இல்லாமலேயே படித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. உங்கள் மிரட்டல் இனி செல்லாது, அலுவலகத்துக்கு விஷயம் முழுக்கத் தெரியும் என்று வக்கீலம்மா எழுதினாள். கூடவே, மிரட்டல் கடிதத்தையும் வீடியோவையும் போலீஸுக்குக் கொண்டுபோகட்டுமா என்றும் கேட்டிருந்தாள். கம்பெனிக்காரர்களுக்குக் குரல் இறங்கியது. முதலில் பாதி என்றார்கள், அப்புறம் முக்கால் என்றார்கள், மூன்றாவது வாரம் முழுத் தொகையும் அவளுடைய கணக்குக்கு வந்துவிட்டது.

அன்று அவள் படிக்கு ஓடிவந்தாள். அவள் ஓடி அவர் முன்பு பார்த்ததில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் ஒரு கவர். "வந்துடுச்சு அண்ணே! அதோட இதையும் பாருங்க. ஃபைல் நகர்ந்துடுச்சு. அவரை நேர்ல விசாரிக்க நாள் குடுத்திருக்காங்க. இந்த வருஷமே வந்துடுவார்னு வக்கீலம்மா சொல்றாங்க!"

"ரொம்ப நல்லதும்மா" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அவள் எப்போதும்போல் இரண்டு படி தள்ளி உட்காரவில்லை. பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்தாள். கவருக்குள் அலுவலகம் அனுப்பிய நகல்கள் இருந்தன, அவருடைய வாக்குமூலமும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஐஸ்கிரீமா! அய்யோ, ஐஸ்கிரீம் வரலேன்னா சும்மா இருந்தீங்க? உங்கள என்ன பண்றது?"

"தப்புதாம்மா."

"தப்பெல்லாம் இல்ல, விடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு ஒரு மாசமா ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க வேற ஏதோ நெனப்புல வந்தீங்களோன்னு மனசுல ஒரு பயம். கேக்கவும் முடியல. இந்தப் பேப்பர படிச்சப்புறம்தான் நிம்மதியா மூச்சு விட்டேன். உங்களப்போயி அப்படி நெனச்சுட்டேனே."

கண்ணாடிக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை எடுத்தார். மூடினார். அழவேண்டும் போல் இருந்தது. சிரித்தார்.

"நானாவது, வேற நெனப்பாவது" என்றார்.

அந்தச் சந்தில் முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசினார். அவளுக்குக் காதில் விழவில்லை. "என்னது?" என்று கேட்டாள்.

"ஐஸ்கிரீமுக்குத்தாம்மா வந்தேன்" என்று சத்தமாகச் சொன்னார்.